எச்சிலுக்கு ஒரு சான்றிதழ்

செஞ்சி அரசு ஆஸ்பத்திரியில் பல் டாக்டராக வேலை பார்த்தவளிடம் ஊர் என்னென்ன சான்றிதழ் கேட்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பல் பிடுங்கியதால் தேர்தல் வேலைக்கு வர முடியாது என்று எழுதித் தரச் சொன்ன வாத்தியார் உண்டு. பெண்ணுக்கு எல்லாப் பல்லும் சொந்தப் பல்தான் என்று கல்யாணத்துக்கு முன்னால் எழுதித் தரச் சொன்ன மாப்பிள்ளை வீட்டாரும் உண்டு. வாத்தியாரைப் பார்த்துச் சிரித்தேன். மாப்பிள்ளை வீட்டாரை வெளியே அனுப்பினேன். ஆனால் ஒரு பெண்ணின் எச்சில் நல்ல எச்சில்தான் என்று சர்க்கார் முத்திரை வைத்து எழுதிக் கேட்டார்கள். அதை எழுதியும் கொடுத்தேன். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் அதை நினைத்தால் ஆத்திரம் அடங்குவதில்லை. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. கண்ணாடி ஒட்டிக்கொண்டது

அஞ்சலையை அவள் கணவர் ஏழுமலை கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கொத்தனார். அவள் அனந்தபுரம் போகும் வழியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் சத்துணவுச் சமையலர். மார்பில் புற்றுநோய் வந்து, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் முடித்து, கீமோ முடித்து, கொட்டிய முடி திரும்பவும் முளைத்து, வேலையிலும் சேர்ந்துவிட்டாள். பல் கூசுகிறது என்று என்னிடம் வந்திருந்தாள். பேசியதெல்லாம் ஏழுமலைதான். அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பல்லு பொடிப் பொடியா உதுருது மேடம். நல்ல பல்லு. முழுக் கரும்ப கடிச்சித் தின்னுவா.”

வாயைத் திறக்கச் சொன்னேன். எல்லாப் பல்லிலும் ஈறை ஒட்டிப் பழுப்பாகச் சொத்தை ஓடியிருந்தது. வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை நாங்கள் கன்னத்தில் வைத்து எடுத்தால் அது வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அவளுக்கு ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது கன்னத்துச் சதையும் கூடவே வந்தது. காதுக்குக் கீழே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியை வெளியிலிருந்து அழுத்திப் பார்த்தேன். மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உள்பக்கம் ஒரு சின்னத் துளை உண்டு. சுரப்பியை அழுத்தினால் அதில் ஒரு சொட்டாவது எட்டிப் பார்க்க வேண்டும். ஒன்றும் வரவில்லை.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். புற்றுச் செல் எது, நல்ல செல் எது என்று பார்த்துப் பார்த்து அடிக்கக் கீமோ மருந்துக்குத் தெரியாது. வேகமாகப் பெருகுவதை எல்லாம் அடிக்கும். முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் அதனால்தான். உமிழ்நீர்ச் சுரப்பியும் அடி வாங்கும். உமிழ்நீர் செய்யும் செல்கள் சுருங்கிப்போகும், அங்கங்கே வீக்கம் காணும், குழாய்கள் விரிந்து உள்ளே கெட்டியாகத் தேங்கும். வருகிற கொஞ்சமும் நூல் நூலாகத்தான் வரும். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் சுரப்பி தேறிவிடும். கழுத்துப் பக்கம் கதிர்வீச்சு கொடுத்திருந்தால்தான் திரும்புவது கஷ்டம், அஞ்சலைக்கு அது கொடுக்கவில்லை. ஆனால் தேறும் வரைக்கும் பல்லைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். உமிழ்நீர் இல்லாத வாயில் பல் ரொம்ப நாள் நிற்காது. இதை அவளிடம் யாராவது சொன்னார்களா என்று கேட்டேன்.

“வாய் கொஞ்சம் காயும்னாங்க மேடம்,” என்றார் ஏழுமலை. “அவ்ளோதான் சொன்னாங்க.”

கொஞ்சம் காயுமாம். அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில், அத்தனை பெரிய மெஷின்களுக்கு நடுவே, “உன் பல்லைப் பார்த்துக்கோம்மா” என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. கீமோ ஆரம்பிக்கும் முன்னால் பல் டாக்டரிடம் ஒரு முறை அனுப்பியிருந்தால் பாதிப் பல்லுக்கு இந்த கதி வந்திருக்காது.

“வாய் காய்ஞ்சா என்னம்மா பண்ணுவே?” என்று அவளையே கேட்டேன்.

“மிட்டாய் போட்டுக்குவேன்.” அப்போதுதான் முதல்முறையாகப் பேசினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். ஆரஞ்சு மிட்டாய், காகிதம் சுற்றியது.

எச்சில் ஊறாத வாயில் நாள் முழுக்கச் சர்க்கரை இருந்தால் பல் உதிராமல் வேறென்ன செய்யும்!

“தண்ணி குடிக்க வேண்டியதுதானே? ஒரு பாட்டில்ல வெச்சிக்கிட்டு அப்பப்போ ஒரு வாய் குடிச்சா போதுமே.”

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் ஃபேனைப் பார்த்தார்.

2. ரெண்டு நாள்

கொஞ்சம் அதட்டிய பிறகுதான் விஷயம் வந்தது. வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிச் சொம்பு. அதிலும் வாய் வைத்துக் குடிக்கக் கூடாது, தூக்கித்தான் குடிக்க வேண்டும். காய்ந்த தொண்டையில் தண்ணீரைத் தூக்கி ஊற்றினால் எங்கே போகும்?

“பொரை ஏறுது மேடம். மூக்குல எல்லாம் வந்துடுது,” என்றாள் அஞ்சலை. “பயந்துக்கினு குடிக்கறதே இல்ல. அதான் மிட்டாய்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இது ஒட்டிக்கிற நோய்னு உங்களுக்கு யாருய்யா சொன்னது?” என்று ஏழுமலையிடம் குரலை உயர்த்திவிட்டேன்.

“நாங்களா ஒண்ணும் பண்ல மேடம். ஆஸ்பத்திரியில நர்ஸம்மாதான் சொன்னாங்க. மருந்து ஏத்துனா அது ஒண்ணுக்குல வரும், வாந்தியில வரும், எச்சில்ல வரும். துணிய தனியா தொவைங்க, ஏனத்த தனியா வைங்க, பாப்பாவ கிட்ட விடாதீங்கன்னாங்க.”

அந்த நர்ஸ் சொன்னது சரி. கீமோ மருந்து ஏற்றிய பின் அது உடம்பை விட்டு வெளியேறும் வரைக்கும் அப்படி ஜாக்கிரதையாக இருக்கச் சொல்வது வழக்கம்தான். சிறுநீர், வாந்தி, எச்சில் எல்லாவற்றிலும் கொஞ்சம் மருந்து இருக்கும். அது நோய்க்காகச் சொல்வதல்ல, மருந்துக்காகச் சொல்வது.

“எத்தனை நாளைக்குன்னு சொன்னாங்க?”

“அதுவந்து… நாள் கணக்கு இன்னா சொன்னாங்கன்னு ஞாபகம் இல்ல மேடம்.”

“ரெண்டு நாள். மிஞ்சிப் போனா அதுக்கு மேல ஒரு நாள். அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. கீமோ முடிஞ்சி எத்தனை மாசம் ஆச்சு?”

ஏழுமலை விரல் விட்டு எண்ணினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மனைவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியவர் அவர்தான். அவள் வாந்தியைத் தன் கையால் அள்ளியவரும் அவர்தான். சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லாததால் நிறுத்தவில்லை.

“அப்போ இத்தினி நாளு சும்மாவே தனியா வெச்சிருந்தமா?” என்றார். கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர்மேல் இருந்த கோபம் எனக்கு அப்போதே போய்விட்டது. அந்த ஆஸ்பத்திரி மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. ஒரு குடும்பத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே கோடு போடச் சொல்கிறீர்கள். அதை எப்போது அழிப்பது என்று சொல்ல உங்களுக்கு நேரம் இல்லையா? எச்சிலே இல்லாத ஒருத்தியின் எச்சிலுக்குப் பயந்து ஒரு வீடே மாதக்கணக்கில் நடுங்கியிருக்கிறது!

மிட்டாயைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். காப்பாற்றக்கூடிய பற்களை அடைத்து ஃபுளோரைடு பூசினேன். சோடா உப்புக் கரைத்த தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னேன். உறிஞ்சிக் குடிக்கும் வாய் வைத்த பாட்டில் ஒன்றைக் கடைத்தெருவில் வாங்கி எப்போதும் கூடவே வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு வாய் ஒரு வாயாக, நாள் முழுக்கக் குடிக்க வேண்டும். அவளுக்கு அதுதான் முதல் மருந்து.

3. உப்பு

அடுத்த முறை தனியாக வந்தாள். கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

“மேடம், வேற யாருகிட்டயும் சொல்லாதீங்க. எனக்கு உப்பு தெரில.”

சத்துணவில் ஒரு விதி உண்டு. பிள்ளைகளுக்குப் போடும் முன் சமையலர் ருசி பார்க்க வேண்டும், ஒரு ஆசிரியரும் பார்க்க வேண்டும். அஞ்சலை எல்லாச் சமையற்காரிகளையும் போலத்தான் பார்ப்பாள். கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு நக்குவாள். கரண்டி வாயில் படாது. ஆனால் நக்கியது நாக்கில் மண் மாதிரி கிடந்தது. கை அளவை நம்பிப் போட்டாள். அதன் பிறகும் சப்பென்று இருக்கிறதோ என்ற பயத்தில் இன்னொரு கை போட்டாள். பிள்ளைகள் சாம்பார் சாதத்தைக் கீழே கொட்டினார்கள்.

“பதினஞ்சு வருசமா என் சாப்பாட்ட ஒரு புள்ள கொட்னதில்ல மேடம்.” அழுதாள். அழுகையிலும் கண்ணில்தான் தண்ணீர் வந்தது, வாய் காய்ந்தே இருந்தது.

உப்பு நாக்குக்குத் தெரிய வேண்டுமென்றால் அது முதலில் கரைய வேண்டும். கரைப்பது உமிழ்நீர்தான். அது இல்லாவிட்டால் நாக்கின் மேல் உப்பு இருந்தும் இல்லாததுதான். நாக்கின் சுவை மொட்டுகளையும் மருந்து அடித்திருக்கும், அதுவும் தேறும். அது வரைக்கும் ருசி பார்ப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் வாயை நனைத்துக்கொண்டு பார், உப்பைக் கையால் போடாமல் டம்ளரால் அளந்து போடு, உதவியாளரையும் ருசி பார்க்கச் சொல் என்றேன். தலையாட்டினாள்.

“அது நானே ஏற்கெனவே பண்ணிப் பாத்தேன் மேடம். டம்ளரு வெச்சி அளந்தா சரியாதான் இருக்குது. ஆனா இப்ப வேற பிரச்சன.”

உப்பு அதிகமான அன்று சில பெற்றோர் பள்ளிக்கு வந்திருக்கிறார்கள். உப்பைப் பற்றிக் கேட்டிருந்தால் நியாயம். அவர்கள் கேட்டது வேறு. “கேன்சர்காரி வாய் வெச்சத எங்க புள்ளைங்க துன்னணுமா?” இதைக் கேட்டவர்களில் ரெண்டு பேருக்கு அஞ்சலை சமைப்பது அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே பிடிக்காது. அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தக் காரணத்தை இந்தக் காலத்தில் வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகும் என்பதும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள். இந்த நோய் அவர்களுக்கு ஒரு கௌரவமான காரணத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டது.

ஹெட்மாஸ்டர் சமாதானம் செய்திருக்கிறார். இனிமேல் அஞ்சலை ருசி பார்க்க வேண்டாம், உதவியாளர் பார்க்கட்டும். அதோடு விட்டாரா? சமையல்கூடத்துக்குள் அஞ்சலை எதிலும் வாய் வைக்கக் கூடாது. அவளுடைய தண்ணீர் பாட்டில் உள்ளே வரக் கூடாது, வாய் வைத்துக் குடிக்கிற பாட்டில் என்பதால்.

ரெண்டு பெரிய அடுப்பு எரியும் அறை. காலையில் போனால் பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும் வரை அங்கேதான். நல்ல வாய் உள்ளவர்களுக்கே தொண்டை வறளும். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கீமோவில் வந்து ஆறியிருந்த புண் திரும்பவும் வெடித்திருந்தது.

“வெளிய போயி குடிச்சிட்டு வரலாம்ல?”

“பால் பொங்கற மாதிரி சாம்பார் பொங்குது மேடம். எத்தினி தடவ போறது? போனா, வேலைய விட்டுட்டு போயிட்டான்னு சொல்றாங்க. பேசாம நின்னுடலாம்னு பாக்கறேன். அவுங்களுக்கு அதான் வேணும்.”

4. முத்திரை

அடுத்த நாளே பள்ளிக்குப் போனேன். ஹெட்மாஸ்டர் நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். பார்க்க நல்ல மனிதர். பேச்சும் நல்ல பேச்சு.

“நான் பர்சனலா ஒண்ணும் நினைக்கல மேடம். எனக்குத் தெரியாதா? பேரன்ட்ஸ் கேக்கறாங்க. நாளைக்கு ஒரு புள்ளைக்கு வயிறு வலிச்சாலும் என் தலையிலதான் விடியும்.”

“சார், கேன்சர் எச்சில்ல ஒட்டாது. மருந்தும் அவ உடம்புல இல்ல. உங்களுக்குத் தெரியும்னா அதை அவங்ககிட்ட நீங்களே சொல்லலாமே.”

“நான் சொன்னா கேப்பாங்களா? நீங்க ஒரு சர்டிபிகேட்டா குடுத்துட்டீங்கன்னா…”

“எதுக்கு சர்டிபிகேட்? எச்சிலுக்கா?”

“அப்டின்னு இல்ல மேடம். அந்த மாதிரி.”

எனக்கு ரத்தம் கொதித்தது. உங்களில் எத்தனை பேருக்கு வாயில் பூச்சிப்பல், ஈறில் சீழ் என்று எனக்குத் தெரியும், பாதிப் பேர் என்னிடம்தான் வருகிறீர்கள், உங்கள் எச்சிலுக்கெல்லாம் யார் முத்திரை வைத்தது என்று கேட்டேன். அவர் டீயை என் பக்கம் நகர்த்தினார்.

சமையல்கூடத்துக்குப் போனேன். அஞ்சலை பருப்பு கிண்டிக்கொண்டிருந்தாள். “பெற்றோரை வரச் சொல்றேன். எல்லார் எதிரிலயும் உன் பாட்டில்ல நானே வாய் வெச்சிக் குடிக்கறேன். அப்போ என்ன சொல்வாங்க பாக்கலாம்,” என்றேன்.

அவள் கரண்டியை நிறுத்தவில்லை. “வேணாம் மேடம். நீங்க குடிச்சா உங்கள பெரிய மனசுன்னு சொல்லுவாங்க. என் எச்சில குடிச்சதுக்கே ஒரு பெரிய மனசு வேணும்னு ஆயிடும்ல?”

எனக்கு அது தோன்றவே இல்லை.

“அந்தாளு கேக்கற பேப்பர குடுத்துடுங்க. எனக்கு தண்ணி வேணும்,” என்றாள்.

அவளுக்காக எழுதினேன். இவருக்கு வந்த புற்றுநோய் உமிழ்நீரால் பரவாது. சிகிச்சை மருந்து இப்போது இவர் உடலில் இல்லை. அடிக்கடி நீர் அருந்துவது இவருக்கு மருத்துவத் தேவை என்பதால் பணியிடத்தில் தண்ணீர் பாட்டில் அனுமதிக்கப்பட வேண்டும். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தும்போது கை கூசியது. இத்தனை வருடத்தில் நான் எழுதியதிலேயே எல்லா வரியும் உண்மையாக இருந்த சான்றிதழ் அது. எழுதவே தேவை இருந்திருக்கக் கூடாத சான்றிதழும் அதுதான்.

பாட்டில் உள்ளே போனது. அஞ்சலை வேலையை விடவில்லை.

5. லாமினேஷன்

சில மாதம் கழித்துப் பல்லைக் காட்ட வந்தாள். கண்ணாடி ஒட்டவில்லை. சுரப்பியை அழுத்தினேன். கன்னத்துத் துளையில் ஒரு சொட்டு தெளிவாக எட்டிப் பார்த்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவள் முகத்தில் அது இல்லை.

“உப்பு தெரியுதா?”

“தெரியுது மேடம். ருசியும் நானேதான் பாக்கறேன் இப்போ.”

“அப்புறம் என்ன?”

“நீங்க குடுத்த பேப்பர சமையல்கூடத்து செவுத்துல ஒட்டி வெச்சிருக்காரு சாரு. இன்னிக்கு இன்னா சாப்பாடுன்னு எழுதற போர்டு பக்கத்துல. லாமினேஷன் பண்ணி. புள்ளைங்க வரிசையில நிக்கும்போது எழுத்துக் கூட்டி படிக்குதுங்க. ‘உமிழ்நீர்னா இன்னாக்கா’ன்னு ஒரு பொண்ணு கேக்குது. இன்னா மேடம் சொல்லட்டும்?”

அன்று மதியமே போனேன். தட்டோடு பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். தக்காளி சாதம், முட்டை என்று போர்டில் சாக்பீஸில் எழுதியிருந்தது. பக்கத்தில் பளபளவென்று என் கையெழுத்து, என் முத்திரை, அஞ்சலையின் முழுப் பெயர், அவள் நோயின் பெயர், அவள் எச்சில். ஒரே இழுப்பில் கிழித்துவிடலாம் என்று கையை வைத்தேன். லாமினேஷன் கிழியவில்லை. மூலையில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன். ஹெட்மாஸ்டர் ஓடி வந்தார்.

“மேடம், மேடம்! நல்லதுக்குத்தான் ஒட்டினேன். அது இருக்கறதாலதான் ஒருத்தரும் வந்து கேக்கறதில்ல.”

“கேட்டா என்ன சார்? கேட்டா பதில் சொல்ல முடியாதா உங்களால?”

அதற்குள் அஞ்சலை வெங்காயம் வெட்டும் கத்தியை எடுத்து வந்தாள். என்னை நகரச் சொன்னாள். நாலு பக்கமும் டேப்பை நறுக்கி எடுத்து, முந்தானையில் துடைத்து, ஹெட்மாஸ்டர் கையில் கொடுத்தாள்.

“சார், இத உங்க ரூம்லயே வெச்சிக்கங்க. நான் எடுத்துனு போவல. யாராவது கேட்டா இத காட்டாதீங்க. நீங்க வாயத் தொறந்து சொல்லுங்க. உங்களுக்கு நல்லாதான எச்சி ஊறுது.”

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் முகம் சிவந்து போனது. அஞ்சலை அண்டாவின் மூடியைத் திறந்து சாதம் போட ஆரம்பித்தாள்.

புதிதாக வருகிற டாக்டர்களே, நர்ஸ்களே, உங்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். கீமோவுக்குப் போகும் ஆளை முதலில் பல்லைக் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். வாய் காயும் என்று சொல்வதோடு நிறுத்தாமல் அதற்கு என்ன செய்வது என்றும் சொல்லுங்கள். மருந்து ஏற்றிய பின் தனியாக வைக்கச் சொன்னால், எந்தக் கிழமையிலிருந்து சேர்த்து வைக்கலாம் என்று கணவனையும் மாமியாரையும் கூப்பிட்டு வைத்து, அவர்கள் திருப்பிச் சொல்லும் வரை சொல்லுங்கள். எப்போது முடியும் என்று சொல்லாத எச்சரிக்கை நம் ஊரில் தீட்டாகிவிடும். மனதில் வன்மம் வைத்துக் காத்திருப்பவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு பெண்ணை ஒதுக்கி வைக்கச் சொல்ல வாய் இருக்கிற நமக்கு, அது முடிந்துவிட்டது என்று சொல்லவும் வாய் இருக்க வேண்டும்.